பூட்டிக் கிடந்த பாத்ரூமில் சாக்கடை நாத்தம்

கேள்வி:
பாளையங்கோட்டை வீடு, கத்திரி வெயில்ல ஒரு மாசம் பூட்டிக் கிடந்துச்சு. கீழ் பாத்ரூம்ல சாக்கடை நாத்தம். மாடியில ஃப்ளஷ் பண்ணினா கீழே 'களக் களக்'னு சத்தம். பினாயில் ஊத்தியும் போகல.

பதில் 1:
அண்ணாச்சி, பினாயிலுக்கு அங்க வேலையே இல்ல. தரைச் சல்லடைக்குக் கீழே நஹானி டிராப்புல (தண்ணி தங்குற கிண்ணம் மாதிரி அமைப்பு) 50 மி.மீ. தண்ணி நிக்கணும், சாக்கடை வாயுவை மறிக்கிறது அதுதான். வெயில்ல வத்திருக்கும். ஒரு வாளி ஊத்துங்க. இனி பூட்டும்போது மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டா சீக்கிரம் வத்தாது. சல்லடையைத் தூக்கி, உள்ளே கவிழ்த்த கப் இருக்கான்னும் பாருங்க. தண்ணி வேகமாப் போகட்டும்னு பல பேரு அதைக் கழத்தி எறிஞ்சிருதாவ. அப்புறம் எத்தனை வாளி ஊத்தினாலும் வீண்தான்.

பதில் 2:
அது பாதிதான். அந்தச் சத்தத்துக்குக் காரணம் கழிவுப் பைப்புல காத்துப்போக்கு இல்லாதது. மேலேருந்து விழுற தண்ணி, கீழ் டிராப்புத் தண்ணியையும் உறிஞ்சிட்டுப் போயிரும். மாடியிலேருந்து இறங்குற அந்தச் செங்குத்துப் பைப்பை மொட்டைமாடிக்கு மேல நீட்டி, வாயில கொசுவலை கட்டணும். ஏற்கெனவே நீட்டியிருந்தா அணில் கூடு அடைச்சிருக்கான்னு பாருங்க.

பதில் 3:
வாஷ்பேசின் ஓஸைத் தரைக்குழாய்ல சும்மா சொருகியிருந்தா அந்த இடுக்குலயும் நாத்தம் வரும். ரப்பர் வளையம் போடுங்க. எந்தக் குழாய் வாய் வழியா வருதுன்னு தெரியலைன்னா, ஒவ்வொண்ணா பாலித்தீன் ஒட்டி ராத்திரி விட்டு, காலைல மோந்து பாருங்க.