ரொம்ப வருஷ கேப்புக்கு அப்புறம் அக்கவுண்ட்ஸ் வேலை, இண்டர்வியூல என்ன சொல்றது?

கோத்தகிரிப்பொண்ணு:
வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு இருந்தேன், 2020 லாக்டவுன்ல ஊருக்கு வந்தோம், மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையாயிட்டாங்க, நான் அப்படியே வீட்டோட நின்னுட்டேன். போன வருஷம் அவங்க தவறிட்டாங்க. இப்ப குன்னூர்ல ஒரு ரிசார்ட்டுல அக்கவுண்ட்ஸுக்கு ஆள் கேக்கறாங்க, அடுத்த வாரம் இண்டர்வியூ. நான் விட்டப்ப கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டேலி ஈஆர்பி 9, இப்ப எல்லாம் டேலி பிரைம்ங்கறாங்க. இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? ஃபேக்டரிக்கு போடற எங்க தேயிலைக் கணக்கும் மகளிர் குழு நோட்டும் எழுதுனது தவிர வேற ஒண்ணும் பண்ணலை. நெனச்சாலே கை நடுங்குது.

இலைக்கணக்கு:
அக்கா, அது "வேற ஒண்ணும் இல்லை" இல்லைங்க. தெனம் எத்தனை கிலோ போச்சு, ஃபேக்டரிக்காரங்க எவ்ளோ கழிச்சாங்க, மாசக் கடைசில டீ போர்டு அறிவிக்கற சராசரி விலைக்கும் கைக்கு வந்ததுக்கும் எவ்ளோ வித்தியாசம், இதெல்லாம் பாத்தவங்க தானே நீங்க. குழு நோட்டுல கடன், வட்டி, வசூல் எல்லாம் இருக்கும். அந்த நோட்டையே கையில எடுத்துட்டு போங்க. மாமியார பாத்துக்கிட்டேன்னு ரெண்டு வரில தலை நிமிந்து சொல்லிட்டு உடனே நோட்ட காட்டுங்க. நான் ஃபேக்டரி ஆபீஸ்ல ஆள் எடுக்கறவன், வருஷக்கணக்கா அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுன நோட்டு எனக்கு சர்டிஃபிகேட்ட விட பெருசு.

வெலிங்டன்வாசி:
டேலிக்கு பயப்படாதீங்க சிஸ்டர். கீபோர்டுல எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்8 சேல்ஸ் எல்லாம் அதே தான், புதுசா ஆல்ட் ஜி அமுக்குனா எந்த ரிப்போர்ட்டுக்கும் நேரா போயிடலாம். லைசென்ஸ் இல்லாமயே எஜுகேஷனல் மோட்ல ஓடும், சில தேதிக்கு மட்டும் தான் என்ட்ரி போட விடும், பழகறதுக்கு அது போதும். ஆனா ஜிஎஸ்டிய கட்டாயம் பாத்துட்டு போங்க, ரிசார்ட்டுன்னா ரூம் வாடகை தான் கேப்பாங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் இருக்கற ரூமுக்கு 5 சதவீதம், இன்புட் கிரெடிட், அதாவது ரிசார்ட் பொருள் வாங்கறப்ப கட்டுன ஜிஎஸ்டிய கழிச்சுக்கறது, எடுக்க முடியாது, அதுக்கு மேல 18.

பிஎஃப்அண்ணன்:
ஒண்ணு யாரும் சொல்லலை. மில்லுல இருந்தப்ப பிஎஃப்புக்கு வாங்குன யுஏஎன் நம்பரையே குடுங்கம்மா, புதுசா போட விடாதீங்க. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், நடுவுல 10சி ஃபார்ம் போட்டு பென்ஷன் காச எடுக்கலைன்னா பழைய சர்வீஸும் இதோட சேரும்.

கோத்தகிரிப்பொண்ணு:
எடுக்கலைங்கண்ணா, அப்படியே இருக்கு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாயந்திரம் எத்தனை மணிக்கு விடுவீங்கன்னு அங்க கேக்கலாமா, தப்பா நெனைப்பாங்களா?

இலைக்கணக்கு:
தாராளமா கேளுங்க. மே சீசன்ல லேட்டாகும், மழைல மண் சரிஞ்சா பஸ்ஸே இருக்காது, அன்னிக்கு வேன் விடுவாங்களான்னும் சேத்து கேட்டுருங்க.