ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற நம் பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஃப்ரீ த்ரோ போட்டி ஒன்று நடத்தியது. கூடைப்பந்தில் யாரும் தடுக்காமல், ஒரு கோட்டில் நின்று வளையத்துக்குள் பந்து போடுவதுதான் ஃப்ரீ த்ரோ. கட்டணம் கிடையாது. பள்ளி டீமில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கோட்டில் நின்று 25 முறை போட வேண்டும், எத்தனை விழுகிறதோ அதுதான் மதிப்பெண். என் மகளுக்கு 10 வயது. உயரம் போதாது என்று பள்ளி டீமில் அவளைச் சேர்க்கவில்லை. அந்த வருத்தத்தில் இருந்தவளுக்கு இது நல்லது என்று நானே பெயர் கொடுத்தேன்.

முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவதும் அப்படியே. நான் பெஞ்சிலிருந்து எழுந்து "முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு" என்று கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பந்து கையிலிருந்து நழுவி உருண்டு போனது. மேஜையில் இருந்தவர் அதை எடுத்துக் கொடுக்கும்வரை அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் 25-க்கு 4. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஷூ லேஸை அவிழ்க்கும்போது சொன்னாள்: "அடுத்த தடவை நீ வெளியில நில்லுப்பா."

நாலு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது. பிள்ளைகளை இந்த மாதிரிப் போட்டிக்குக் கூட்டிப் போனவர்கள், நடத்தியவர்கள், சின்ன வயதில் கலந்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

கோடு பார்ப்பவர்:

சார், இதே மாதிரிப் போட்டி ஒன்றில் மூன்று வருடமாகக் கோடு பார்க்கிறேன். பந்து வளையத்தைத் தொடுவதற்கு முன் கால் கோட்டைத் தாண்டினால் அந்த எறி கணக்கில் வராது, அதைக் கவனிப்பதுதான் என் வேலை. பிள்ளைகளின் ஷூவைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். முன்னங்காலில் எம்பி, எறிந்த வேகத்தில் ஒரு அடி முன்னால் வந்து விழுகிறது என்றால், பந்து அந்தக் குழந்தையின் பலத்துக்கு மீறியது என்று அர்த்தம்.

முதலில் ஒன்று கேட்கிறேன், உங்கள் மகளுக்கு எந்தப் பந்து கொடுத்தார்கள்? பெரியவர்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து கிட்டத்தட்ட 600 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கான 5-ஆம் எண் பந்து 500 கிராமுக்குள் அடங்கும். கோட்டிலிருந்து வளையத்துக்குப் பின்னால் இருக்கும் போர்டு 15 அடி, வளையம் 10 அடி உயரம். 10 வயதுக் குழந்தை பெரிய பந்தை அவ்வளவு தூரம் தள்ள வேண்டுமானால் உயரத்தை விட்டுவிட்டு நேராகத்தான் எறியும். நேராக வரும் பந்துக்கு வளையம் சின்னதாகிவிடும். வளையத்தின் குறுக்களவு சுமார் 46 சென்டிமீட்டர், பெரிய பந்தின் குறுக்களவு 24. பார்த்தால் தாராளமாக இடம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் பந்து கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் மட்டும் வந்தால் அதற்குத் தெரியும் திறப்பு வெறும் 23 சென்டிமீட்டர்தான். எதிலும் படாமல் விழ வாய்ப்பே இல்லை. ஆகவே அந்த 4-ஐக் குறைவாக நினைக்காதீர்கள்.

வயதுக்கு ஏற்ற பந்து வாங்காமல் போட்டி வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. நடத்துபவர்களிடம் தைரியமாகக் கேளுங்கள். அமெரிக்காவில் எல்க்ஸ் என்ற சங்கம் பல வருடங்களாக 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 25 எறிகளோடு நடத்தும் போட்டியில்கூட வயது வாரியாகப் பிரித்துத்தான் வைக்கிறார்கள்.

*

ஒரு அம்மா:

என் பையன் இரண்டு கையாலும் பந்தைக் கீழே பிடித்து, தொடைகளுக்கு நடுவிலிருந்து வீசித்தான் போடுவான். யாரும் சொல்லித் தரவில்லை, 8 வயதில் அவனுக்கு அப்படித்தான் எட்டியது. போட்டியில் முதல் பந்துக்கே பின்னாலிருந்து சிரிப்பு. நடுவர் ஒருவர் "ஒழுங்காகப் போடு தம்பி" என்றார். இன்னொருவர் உடனே, விதியில் எங்கேயும் அப்படிப் போடக்கூடாது என்று இல்லை என்று தடுத்துவிட்டார். அந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன். பையன் 25-க்கு 17 போட்டான்.

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். ரிக் பாரி என்ற ஆட்டக்காரர் இப்படியே போட்டு, என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஆட்டங்களில் 100-க்கு 90 பக்கம் விழ வைத்திருக்கிறார். அதே லீக்கில் ஆடிய வில்ட் சேம்பர்லெய்ன் என்பவர் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார், அன்றைக்குக் கோட்டிலிருந்து 32-க்கு 28 விழுந்தது, அதுவும் இதே கீழ்வீச்சில்தான். பிறகு அவர் அந்த முறையை விட்டுவிட்டார். அவர் ஆடிய காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிதான் விழுந்திருக்கிறது.

*

அப்போது 13 வயது, இப்போது கல்லூரி:

அண்ணா, நான் அந்தக் கோட்டில் நின்றவள். நானும் இன்னொரு பெண்ணும் 25-க்கு 19 எடுத்துச் சமமாக இருந்தோம். ஆளுக்கு இன்னும் 5 எறி கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும் 4 விழுந்தது. மறுபடியும் 5. அதற்குள் என் கை வியர்த்துப் பந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. அவள் முறை முடிந்ததும் பந்தைத் தன் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அவள் போட்டியாளர், அப்படியே கொடுத்திருக்கலாம். அந்தச் சுற்றில் நான் ஜெயித்தேன். அவள் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன், அந்த வருத்தம் மட்டும் போகவில்லை.

கோட்டில் நிற்கும்போது எல்லாச் சத்தமும் கேட்கும், ஆனால் அம்மா அப்பா குரல் மட்டும் தனியாகக் கேட்கும். நல்லது சொன்னாலும் கவனம் அங்கே போய்விடும். எனக்குப் பழக்கமான வரிசை ஒன்று இருந்தது: மூன்று முறை பந்தைத் தட்டுவேன், ஒரு மூச்சு விடுவேன், வளையத்தின் முன்விளிம்பைப் பார்ப்பேன், அப்புறம் போடுவேன். நடுவில் யாராவது பேசினால் திரும்ப முதல் தட்டிலிருந்து ஆரம்பிப்பேன். அவளுக்கும் அப்படி ஒன்றை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

*

முதலில் எழுதியவர்:

எல்லோருக்கும் நன்றி. சங்கத்தில் விசாரித்தேன், கொடுத்தது 7-ஆம் எண் பந்துதான். அடுத்த முறை சின்னப் பந்தும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு 5-ஆம் எண் பந்து வாங்கி வந்தேன்.

இன்று மாலை அவளிடம் "நான் பந்து எடுத்துப் போடட்டுமா, பேச மாட்டேன்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். நாலைந்து பந்து போனதும், "ரிங்குக்கு நேர் கீழ நிக்காதப்பா, கண்ணு உன் மேலயே போகுது" என்றாள். ஓரமாக நகர்ந்து நின்றேன். இரண்டு தட்டு தட்டி, பந்தைக் கையில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போடுகிறாள். அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. இருட்டும்வரை பந்து எடுத்துக் கொடுத்தேன்.