புதுப்பிப்பு: வீட்டுக்கு ஏற்ற சிறிய காற்று கம்ப்ரஸர்

ஸ்கூட்டர், சைக்கிள், கார் மூன்றுக்கும் வீட்டிலேயே காற்றடிக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பேட்டரியில் ஓடும் வகையை எடுக்கச் சொன்ன யோசனையே சரியாக அமைந்தது. 12 வோல்ட் வகைக்குக் காரின் சாக்கெட் வேண்டும். எங்கள் தண்டையார்பேட்டைச் சந்துக்குள் கார் நுழையாது. பேட்டரி வகையைக் கையோடு எடுத்துப் போகலாம். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று வைத்தால் அந்த அளவில் தானாகவே நின்றுவிடுகிறது.

எதிர்பாராத சிக்கல் ஸ்கூட்டரில்தான். சக்கரம் சிறியது, குழாயின் திருகுமுனை வால்வுக்கும் ரிம்முக்கும் நடுவே போகவில்லை. 90 டிகிரி வளைந்த வால்வு இணைப்பு மாட்டியதும் தீர்ந்தது. அதற்காக வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு அலைய வேண்டாம், தெருமுனை பைக் கடையிலேயே கிடைக்கிறது. அடித்து முடித்ததும் பித்தளை முனை நன்றாகச் சுடும், துணியால் பிடித்துக் கழற்றுங்கள். சத்தமும் சற்று அதிகம்தான்; இரவு பத்து மணிக்கு மேல் நான் தொடுவதில்லை.