புதுப்பிப்பு: கோவிடுக்குப் பிந்தைய அசதி, இப்போதைய நிலை

கோவிட் வந்து போய் மாதக்கணக்காகியும் அசதி விடவில்லை, எழுந்து நின்றாலே படபடப்பு என்று எழுதியிருந்தேன். 'தினமும் நடங்க, சரியாயிடும்' என்றார்கள் பலர். எனக்கு ஒத்துவரவில்லை. தெம்பாக இருக்கும் நாளில் வீட்டைத் துடைத்தால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழவே முடியாது. நீண்டகால கோவிடில் இப்படித் தாமதமாகப் படுத்துவது சகஜமாம்.

டாக்டர் படுக்கவைத்து நாடி பார்த்தார். பிறகு 10 நிமிடம் நிற்கவைத்தும் பார்த்தார். துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடியது. பாட்ஸ் (POTS) என்றார், அதாவது எழுந்து நின்றால் நாடித் துடிப்பு அளவுக்கு மீறிக் கூடும் பிரச்சினை. இதயத்தில் கோளாறு இல்லை, அதுவே பெரிய நிம்மதி.

இப்போது காய் நறுக்குவதுகூட உட்கார்ந்துதான். களைப்பு வருமுன்பே நிறுத்த வேண்டும், கஷ்டமே அதுதான். இறுக்கமான காலுறை உதவுகிறது. பாட்ஸுக்கு உப்பு கூடுதலாகச் சேர்க்கலாம் என்பார்கள், அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஞாபக மந்தம் இன்னும் குறையவில்லை.