சூப்பர் ஹீரோ படங்களும் முன்கூட்டியே படித்துவிட்ட விமர்சனங்களும்

படம் பார்ப்பதற்கு முன்பே விமர்சனங்களைப் படிப்பது நம் ரசனையைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு, மற்றவர்கள் பகிர்ந்துள்ளவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சூப்பர் ஹீரோ படங்களைப் பொறுத்தவரை, ஒரு படத்தை முழுமையாக அலசிக் குறை சொல்லும் நீண்ட விமர்சனங்களைவிட, ஒற்றைக் காட்சியைப் பிய்த்தெடுத்துக் கேலி செய்யும் மீம்களே என் ரசனையை அதிகம் பாதித்திருக்கின்றன.

2016-இல் வெளிவந்த பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, இரு நாயகர்களின் தாய்மார்களுக்கும் மார்த்தா என்ற ஒரே பெயர் இருப்பதால் சண்டை நின்றுபோகிறது என்ற கேலி என் மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் படம் நெடுகிலும் அந்தக் காட்சி எப்போது வரும் என்றே காத்திருந்தேன். வந்தபோது வசனத்தைவிடக் கேலிதான் காதில் ஒலித்தது. மீம்களின் ஆரவாரம் ஓய்ந்த பிறகு அதே படத்தை மறுபடி பார்த்தேன். படத்தின் தொடக்கத்தில், பின்னாளில் பேட்மேனாகும் சிறுவன் புரூஸின் கண்ணெதிரே சுடப்பட்டு வீழும் தந்தை, உயிர் பிரியும் தறுவாயில் உச்சரிப்பது மார்த்தா என்னும் தன் மனைவியின் பெயரைத்தான். பிற்பகுதியில், ஈட்டியை ஓங்கி நிற்கும் பேட்மேனின் காலடியில் கிடக்கும் சூப்பர்மேன் அதே பெயரைச் சொல்லும்போது, தன் பெற்றோரைக் கொன்றவனின் இடத்தில் இப்போது தானே நிற்பது அவனுக்கு உறைக்கிறது. வசனத்தை இன்னும் இயல்பாக எழுதியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொடர்பைக் காணும் வாய்ப்பையே மீம்கள் பறித்துவிடுகின்றன.

சதவீதங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. திரை விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் எண், சாதகமாக எழுதிய விமர்சகர்கள் எத்தனை சதவீதம் என்பதை மட்டுமே சொல்கிறது. அதைப் படத்துக்கான மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது. எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் 100-ஐத் தொடலாம். சிலர் உருகி ரசித்து, சிலர் வெறுத்த படம் 50-இலேயே நின்றுவிடலாம். 2019-இல் கேப்டன் மார்வெல் வெளியாவதற்கு முன்பே, அதைப் பார்த்திராதவர்கள் எதிர்ப்பைக் குவித்த வேளையில்தான், வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்கள் கருத்து எழுதும் வசதியை அத்தளம் நீக்கியது. அது மிகச் சரியான முடிவு.

2021-இல் வந்த எட்டர்னல்ஸ், 60 சதவீதத்தை எட்டாமல், மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே முதன்முதலாக அத்தளத்தின் 'ராட்டன்' (அழுகியது) முத்திரையைப் பெற்றது. நான் எந்த விமர்சனத்தையும் படிக்காமல் பார்த்த படம் அது. மந்தமாக நகர்கிறது என்ற குறை நியாயமானதுதான். எனினும், மனிதர்களுக்குத் தொழில்நுட்பத்தை வழங்கிய வேற்றுலக நாயகன் ஃபாஸ்டோஸ், ஹிரோஷிமாவின் இடிபாடுகளுக்கு நடுவே நிலைகுலைந்து அழும் காட்சி என்னை உலுக்கியது. பின்னர் விமர்சனங்களைத் தேடிப் படித்தபோது, மனிதர்கள் செய்த கொடுமைக்கு வேற்றுலகத்தவனைப் பொறுப்பாளியாக்குவது வரலாற்றை நீர்த்துப்போகச் செய்கிறது என்ற கடுமையான வாதத்தையும் எதிர்கொண்டேன். அதை என்னால் எளிதில் மறுக்க முடியவில்லை. ஆனால் காட்சியை முதலில் என் கண்ணால் பார்த்திருந்ததால், அந்த வாதம் என் ரசனையைக் குலைக்கவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் அது தந்தது.