மணிக்கட்டு முறிவு, பிளேட் ஆபரேஷன்: அம்மாவின் கை ஒரு வருடத்துக்குப் பிறகு

என் அம்மாவுக்கு 64 வயது. போன ஐப்பசி மழையில் கொல்லைப்புறம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை உடைந்து, மூட்டுக்குள்ளும் விரிசல். முதலில் மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்துச் சரிசெய்து மாவுக்கட்டு போட்டார்கள். அடுத்த வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி நகர்ந்திருந்தது. வீக்கம் வடிய வடியக் கட்டு தளர்ந்துவிடும், அதனால் இப்படி நடக்கும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டாயிற்று என்று அந்த இரண்டாவது எக்ஸ்ரேயை யாரும் தவறவிடாதீர்கள்.

எலும்பு நகராமல் பிடிக்கக் கம்பி செருகினால் போதுமா, உலோக பிளேட் வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரிட்டனில் 461 பேரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கம்பி போட்டவர்களுக்கும் பிளேட் வைத்தவர்களுக்கும் வலியிலோ கையின் உபயோகத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூட்டின் பரப்பை வெளியிலிருந்தே ஒழுங்குபடுத்த முடியாதவர்களை அதில் சேர்க்கவில்லை. அம்மாவின் எலும்பு அந்த வகை. உள்ளங்கைப் பக்கம் கீறி, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கையை மட்டும் மரக்கச் செய்துதான் ஆபரேஷன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. மறுநாளே விரல்களை முழுக்க மடக்கி நீட்டச் சொன்னார்கள். வலிக்கிறதே என்று அம்மா கையைக் கழுத்தில் தொங்கும் துணித்தொட்டிலில் போட்டு அசையாமல் வைத்திருக்கத்தான் பார்த்தார். விரல் இறுகிவிட்டால், எலும்பு அழகாகக் கூடியும் பயனில்லை. தோளையும் சேர்த்து அசைக்க வேண்டும், அதுவும் இறுகும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் குறைகிறது. விழுந்த உடனேயே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மடக்குவதும் நீட்டுவதும் ஓரளவு சீக்கிரம் வந்தன. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதுதான் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. கோயிலில் திருநீறு வாங்கக் கை விரியவில்லை. சோற்றுக் கவளத்தை எடுத்து வாய்க்குத் திருப்ப முடியாமல் பல நாள் ஸ்பூன்தான். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, தோசைத் திருப்பியை நிமிர்த்திப் பிடித்து மெல்ல இருபுறமும் சாய்க்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அம்மா அதைச் செய்தார்.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. கோலம் போடுகிறார், கையால் சாப்பிடுகிறார். போர்வையைப் பிழிய மட்டும் பிடி போதவில்லை. குளிர் நாளில் லேசாக வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு உடைவது, ஐம்பது வயதுக்கு மேல் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவதற்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) அறிகுறியாக இருக்கலாம். அடுத்த விழுகையில் இடுப்பு எலும்பே உடையலாம். அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தபோது எலும்பின் அடர்த்தி குறைவு என்று தெரிந்தது. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நாங்களாகக் கேட்காமல் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

பதில் 1

அண்ணா, எனக்கு ஆபரேஷன் இல்லை. பைக்கிலிருந்து விழுந்ததில் சின்ன விரிசல், எலும்பு நகரவே இல்லை. மாவுக்கட்டு பிரித்துச் சில வாரம் கழித்து, டம்ளரைப் பிடிக்கப் போனால் கட்டைவிரல் பின்னால் விரியவில்லை. வலிகூட இல்லை. கட்டைவிரலை நீட்டும் தசைநார் முறிவு நடந்த இடத்தில் நைந்து அறுந்திருந்தது. நகராத முறிவிலும் இது நடக்குமாம். ஆள்காட்டி விரலுக்கு நீட்டும் நார் இரண்டு உண்டு, அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைத்தார்கள். இப்போது நன்றாக விரிகிறது. கட்டு பிரித்த பிறகும் கட்டைவிரலைக் கவனியுங்கள்.

பதில் 2

என் மாமனாருக்கு 79. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொன்னார், மாவுக்கட்டோடு விட்டோம். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், அவருக்கு அது பொருட்டே இல்லை. பேப்பர் படிக்கிறார், சட்டைப் பொத்தான் போடுகிறார், ஊன்றுகோல் பிடிக்கிறார். எனக்கு ஒரு சந்தேகம்: உங்கள் அம்மாவின் பிளேட்டை எடுக்க வேண்டுமா?

பதிவிட்டவர்

அக்கா, தொந்தரவு இல்லை என்றால் அப்படியே இருக்கலாம் என்றார்கள். ஆனால் கட்டைவிரலை மடக்கும்போது உள்ளே உரசுவது போலிருந்தால் உடனே வரச் சொன்னார்கள், பிளேட்டின் விளிம்பு நாரை அறுத்துவிடக்கூடும். கை எரிந்து, பளபளத்து, நிறம் மாறி வீங்கினாலும் காத்திருக்கக் கூடாதாம். அம்மாவுக்கு இதுவரை இரண்டும் இல்லை.