சூஷி கடைக்கு அம்மாவையும் கூட்டிட்டு போறோம், என்னத்த ஆர்டர் பண்றது?

ஹட்டன்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மாமா மகன் ஜப்பான்ல வேலை செஞ்சு மூணு வருஷத்துக்கு பிறகு லீவுல வந்திருக்கான், வந்ததுலருந்து பேராதனைப் பக்கம் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை இருக்கு, ஞாயித்துக்கெழம எல்லாரும் போவோம் காசு நான் கட்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். போறது அவன், நான், அம்மா, அஞ்சு மாசம் முழுகாம இருக்கிற அக்கா. அம்மா மீன்னா மொறுமொறுன்னு பொரிச்சாதான் தொடுவாங்க, பச்சை மீன்னு காதுல விழுந்தா கினிகத்தேனயிலயே பஸ்ஸ விட்டு எறங்கிருவாங்க. எனக்கும் யூடியூப்ல பார்த்ததோட சரி. நம்ம டவுனுக்கு லொறி மலை ஏறி வர்றதுக்குள்ளயே மீனுக்கு கண்ணு செவந்துருது, அத வேகவைக்காம திங்கிறது வயித்துக்கு சரி வருமா? குச்சியால சாப்பிடவும் ஏலாது, கையால சாப்பிட்டா சிரிப்பாங்களா?

மஸ்கெலியா கோக்கி:
தம்பி, நான் கொழும்புல ஜப்பான் கிச்சன்ல ஆறு வருஷம் நின்னவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். சூஷின்னா பச்சை மீன் இல்ல. வினிகர், சீனி, உப்பு போட்டு பெரட்டின சோறு, அவ்வளவுதான். அதுக்கு மேலயோ உள்ளயோ முட்டை வரலாம், வெள்ளரிக்கா வரலாம், அவிச்ச இறால் வரலாம், பச்சை மீனும் வரலாம். சோறே இல்லாம மீன மட்டும் சீவி வைக்கிறாங்களே, அது சஷிமி. அந்தத் தட்டு வந்தா அம்மா பக்கம் தள்ளாதீங்க.

மீன் கேள்வி நல்ல கேள்வி. ஐஸ்ல போட்டு கொண்டுவர்றது வேற, பூச்சி சாகுற அளவுக்கு உறைய வைக்கிறது வேற. அமெரிக்காக்காரன் போட்டிருக்கிற கணக்கு மைனஸ் 20 டிகிரில 7 நாள், இல்லாட்டி மைனஸ் 35ல உறைய வச்சு அதே குளிர்ல 15 மணித்தியாலம். வீட்டு ஃப்ரிட்ஜ நம்பி சந்தை மீன்ல செஞ்சு பார்க்கிற வேலை வேணாம். இதுலயும் சாகுறது பூச்சிதான், கிருமி எல்லாம் சாகாது, அதனால அக்காவுக்கு பச்சை மீன் வேணவே வேணாம், கர்ப்பிணின்னு வெயிட்டர்கிட்ட மொதல்லயே சொல்லி வெந்ததா தனித் தட்டுல கேளுங்க. இன்னொண்ணு, கெலவல்லா (சூரை) மாதிரி மீன் வழியில குளிர் விட்டுப்போச்சுன்னா அதுல ஹிஸ்டமின் உண்டாகிரும், பிறகு உறைய வச்சாலும் பொரிச்சாலும் அது போகாது, சாப்பிட்டா மூஞ்சி செவந்து அரிக்கும். வாயில வச்சதும் மிளகு கடிச்ச மாதிரி சுர்ருன்னா வெட்கப்படாம துப்பிருங்க.

அம்மாவுக்கு டெம்புரா. இறாலையும் மரக்கறியையும் மாவுல முக்கி பொரிக்கிறது, நம்ம பஜ்ஜிக்கு தம்பி முறை. அந்த வித்தையே 16ஆம் நூற்றாண்டுல போர்த்துக்கீசர்கிட்ட இருந்து ஜப்பானுக்கு போனதுன்னு சொல்வாங்க. கை விஷயத்துக்கு கவலையே வேணாம், சூஷிய கையால எடுத்து சாப்பிடறது அங்கயும் வழக்கம்தான். சோயா சோஸ்ல மீன் பக்கத்த மட்டும் லேசா தொடுங்க, சோத்த முக்கினா உதிர்ந்துரும். இஞ்சி ஊறுகா ஒரு துண்டு முடிச்சு அடுத்த துண்டுக்கு போகும்போது வாய்க்கு, மேல வச்சு சாப்பிட இல்ல.

கம்பளை மச்சான்:
மச்சான் காசு அவன் கட்றான்னா போ, நீ கட்றதுன்னா யோசி. மெனு விலைய பார்த்து ஏமாறாத, வாட் 18 வீதம், சர்விஸ் சார்ஜ் 10 வீதம் தனியா ஏறிச்சுன்னா 10,000க்கு சாப்பிட்டது 13,000 கிட்ட வந்து நிக்கும். உட்காரும்போதே கேட்டுரு. நான் போயி எட்டு துண்டு தின்னுட்டு வர்ற வழியில கொத்து ரொட்டி கடைல எறங்கினவன், அதான் சொல்றேன்.

மஸ்கெலியா கோக்கி:
எட்டு துண்டுக்கு எப்பிடி மச்சான் வயிறு நெறையும், எட்டு வடைன்னாலும் உனக்கு பத்தாதே. பசியோட போறவங்க சிக்கன் கட்சு கறியும் (ரொட்டித்தூள்ல பெரட்டி பொரிச்ச கோழியும் குழம்பும்) சோறும் எடுக்கலாம், கறி கட்டியா இருக்கும், உறைப்பு இருக்காது. பச்சையா ஒரு உருண்டை வைப்பாங்க, வசாபி, சட்னின்னு நெனச்சு அள்ளிராதீங்க. முக்கால்வாசி கடைல அது நெசமான வசாபியும் இல்ல, ஹோர்ஸ்ராடிஷ்னு ஒரு காரக் கிழங்கும் கடுகும் கலரும்தான், ஆனா மூக்குல ஏறுறது நெசம்.

கொழுந்துக்கூடை:
நான் மரக்கறி மட்டும்தான், எனக்கு நடந்தத சொல்றேன். மிசோ சூப்ல (புளிக்க வச்ச சோயா விழுதுல செய்றது) தோஃபுங்கிற சோயாக் கட்டியும் கடல் பாசியும்தானே மெதக்குதுன்னு முழுசா குடிச்சு முடிச்ச பிறகுதான் சொன்னாங்க, அதோட அடித்தண்ணி வழக்கமா மீன்ல எடுக்கிறதாம். கட்சுஒபுஷின்னு பேரு, பலயா மீன அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவச்சு சீவுறது. அட நம்ம மாசிக்கருவாடு! அதே மீன்தான். அம்மா மாசி சம்பல் சாப்பிடுறவங்கன்னா சூப் புடிக்கும், விரதக்காரங்க இருந்தா கேட்டுக் குடிங்க.
பச்சைத் தேத்தண்ணி வந்தா பாலும் சீனியும் கேட்டுராதீங்க. நம்ம ஃபேக்டரில கொழுந்த வாடவச்சு அரைச்சு புளிக்க விடுறாங்கல்ல, அவங்க பறிச்ச உடனே ஆவி காட்டி பச்சையாவே நிப்பாட்டிர்றாங்க. பில்லுல அதுக்கும் காசு போட்டா எங்க பேர் காசுன்னு (தோட்டத்து நாள் சம்பளம்) கேளுங்க 😄

ஹட்டன்தம்பி:
போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி. அம்மா எதுக்கும் இருக்கட்டும்னு பேக்குல ரொட்டியும் கட்டசம்பலும் கட்டிட்டுத்தான் வந்தாங்க. சூப்ப ஒரு வாய் குடிச்சுட்டு "இது மாசித் தண்ணிடா"ன்னாங்க, கொழுந்துக்கூடை அக்கா, நான் வாயே தொறக்கல. பிறகு என் கிண்ணத்தையும் எடுத்துக்கிட்டாங்க. முட்டை சூஷிதான் ஒத்து வரல, முட்டைக்கு யாராவது சீனி போடுவாங்களான்னு நாவலப்பிட்டி வரைக்கும் ஒரே பேச்சு. அக்கா டெம்புராவும் கட்சு கறியும். நான் சல்மன் ரெண்டு துண்டு சாப்பிட்டேன், வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, ஆனா மூணாவது துண்டுக்கு மனசு வரல. வரியெல்லாம் மெனு விலையிலயே சேர்த்துத்தான் இருந்துச்சு, மச்சான்.
ரொட்டிய நாவலப்பிட்டி தாண்டி பஸ்ஸுல எல்லாரும் சாப்பிட்டோம், ஜப்பான்காரன்தான் மூணு. மிச்ச டெம்புரா பார்சல் ஃப்ரிட்ஜுல கெடக்கு, நாளைக்கு எப்பிடி சுடவைக்கிறது?

மஸ்கெலியா கோக்கி:
எண்ணெய் ஊத்தாம வெறும் தாச்சில, லேசான நெருப்புல, மூடாம பெரட்டு. மூடினா நமுத்துரும். அக்காவுக்கு குடுக்கிறதுன்னா உள்ள வரைக்கும் நல்லா சூடாகட்டும்.